உம்முடைய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன்

என் அன்பு ரஞ்சி,

நீர் போன பிறகும் உம்மோடு மனதுக்குள் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக் கதையை வெளியில் சொல்வதா என்று உமக்குக் கோபம் வந்தால், ஒருமுறை வந்து ஏசிவிட்டுப் போம்.

கறுவலைக் கொன்றுவிட்டார்கள்.

கறுவல் சிவராசாவின் நாய். லூயிஷாமில் எங்கள் கடைக்குச் சனிக்கிழமைகளில் வந்து, மீன் தலையைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லிக் கேட்பாரே, அந்தச் சிவராசாதான். அந்தத் தலை யாருக்கு என்று நீர் ஒருநாள் கேட்டபோது, "வீட்டிலை ஒருத்தன் இருக்கிறான் டொக்டர்" என்று சிரித்தார். அந்த ஒருத்தன்தான் கறுவல்.

வாசிக்கிறவர்களுக்கு முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். நீர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

நீர் என் மனைவி, மிருக வைத்தியர். இங்கத்து நகரசபையான கவுன்சில், தெருவில் பிடித்துவரும் நாய்களும், வைத்திருக்க வழியில்லாதவர்கள் கொண்டுவந்து விடும் நாய்களும் பூனைகளும் இருக்கும் ஒரு காப்பகத்தில் வேலை செய்தீர். கூடுகள் நிறைந்துவிட்டால், யாரும் கேட்டு வராத நாய்களுக்கு வியாழக்கிழமைகளில் ஊசி போடுவது அங்கே வழக்கம். அதைப் போடுகிற கை உம்முடையது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டு நேரே படுத்துவிடுவீர். சோறு வேண்டாம் என்பீர்.

"நோய் வருத்தம் வந்து துடிக்கிறதுக்கு ஊசி போடுறதிலை எனக்குக் கவலை இல்லை," என்று ஒருநாள் சொன்னீர். "இண்டைக்கு ஒண்டு, ஊசி ஏத்தேக்கை என்ரை கையை நக்கினது. அதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுக்கு இருக்க இடம்தான் இல்லை."

இதைத்தான் தமிழில் கருணைக்கொலை என்கிறோம். நீர் அந்தச் சொல்லை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை.

அடுத்த வியாழன் மனேஜரிடம் போய், இடமில்லை என்பதற்காக இனி ஊசி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டீர். அப்படியானால் இடத்தை நீயே தேடு என்றார் அவர். வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். நீர் சமையலறை மேசையில் இருந்து சின்னச் சின்ன நாய் மீட்பு அமைப்புகளுக்கெல்லாம் போன் எடுத்தீர். முக்கால்வாசிப் பேர் காப்பகத்தின் பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். கென்ற்றில் கிழட்டு நாய்களை வளர்க்கிற டோரீன் மட்டும் வைப்பதற்கு முன் நன்றாகத் திட்டினா. சாதுவான நாய் என்று உங்கள் ஆட்கள் முன்பு ஒன்றை அனுப்பினார்கள், அது என் கையைக் குதறிவிட்டது, கடிக்கும் என்று தெரிந்தும் மறைத்தார்கள் என்றா.

உமக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாயை எடுக்க ஆட்கள் இருந்தார்கள். காப்பகத்தை நம்பத்தான் யாரும் இல்லை.

ஊசிக்கு நின்ற ஒரு நாய்க்காக நீர் திரும்பவும் அவவுக்கே போன் எடுத்தீர். இந்த நாய்க்குப் பூனை ஆகாது, ஆண்களைக் கண்டால் உறுமும், ஒரு காது கேட்காது, கூட்டில் இரண்டு முறை பல்லைக் காட்டியது என்று ஒன்றையும் விடாமல் சொன்னீர். ஒத்துவராவிட்டால் நானே வந்து திருப்பி எடுப்பேன் என்றீர். அது என்ன சாப்பிடும் என்று மட்டும் கேட்டா. பிறகு, சரி கொண்டு வா என்றா.

"இஞ்சருங்கோ, ஞாயிற்றுக்கிழமை கடை வானைத் தாறியளே?" என்று கேட்டீர்.

"அரிசி ஏத்திற வான். நாய் மணக்கும்."

"கழுவித் தாறன்."

வானைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு நான் உம்மோடு வந்தேன். அதன் பிறகு எத்தனை ஞாயிறுகள். கிழடுகள் டோரீனிடம், பெரிய நாய்கள் வேல்ஸில் பண்ணை வைத்திருந்த தம்பதியிடம், குட்டி போட்ட பூனைகள் சசெக்ஸில் ஒரு பள்ளிக்கூட ரீச்சரிடம். தடுப்பூசியும் கருத்தடையும் காப்பகத்தின் செலவு, வளர்த்து நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது அவர்களின் பாடு. இப்படி ஒவ்வொருவராகச் சேர்த்தீர். கோயிலில் என் காதுபடவே, "பிள்ளையள் இல்லாத குறைக்கு நாயோடை திரியினம்" என்று ஒருவர் சொன்னார். உமக்கு நான் அதைச் சொல்லவில்லை. இன்றைக்கு அவரும் இதை வாசிப்பார்.

கடைசி வருடங்களில் வியாழக்கிழமையும் நீர் சோறு சாப்பிட்டீர். காப்பகம் எப்படி நடக்கிறது என்று எனக்கு வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு உம்முடைய தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டீர்.

காப்பகத்தில் உமக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். புது மனேஜர் பேசினார். வாசலில் உம்முடைய படத்தைப் பெரிதாக மாட்டி, கீழே 'எங்கள் கருணையின் முகம்' என்று எழுதினார்கள். நான் அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அவர்களோ சில மாதங்களிலேயே டோரீனுக்குப் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சின்ன அமைப்புகளுக்குப் போதிய காப்புறுதி இல்லையாம், ஏதும் நடந்தால் காப்பகத்தின் பெயர் கெட்டுவிடுமாம். இரண்டு பெரிய நிறுவனங்களோடு மட்டும் ஒப்பந்தம். அந்த இரண்டும் இளசாக, வடிவாக இருக்கிறதைப் பார்த்து எடுக்கும். மிச்சத்துக்குப் பழையபடி வியாழக்கிழமை. இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது, ரஞ்சி. நீர் இல்லாத அந்த இடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

இதற்குள் சிவராசா இருந்த வீட்டைச் சொந்தக்காரன் விற்றுவிட்டான். கவுன்சில் அவரை ஒரு விடுதி அறையில் போட்டது. அங்கே நாய் வைத்திருக்க ஏலாது. அவர் கறுவலைக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வசந்தத்தில் அவருக்குத் தோட்டத்தோடு ஒரு பிளாற் வீடு கிடைத்தது. கறுவல் வேறு வீட்டுக்குப் போகாமல் இருந்தால் திருப்பிக் கேட்கலாம் என்று ஓடினார். அங்கிருந்து நேரே கடைக்கு வந்து, அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நின்றார்.

"அண்ணை, அவனை ஊசி போட்டுட்டினமாம்."

"ஏன், என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லை. கூட்டுக்கை நிண்டு உறுமினவனாம். ஆரும் எடுக்க வரேல்லையாம்." பிறகு சொன்னார்: "வாசல்லை டொக்டரின்ரை படம் இருந்தது அண்ணை. அதைப் பாத்துத்தான் நம்பி விட்டிட்டு வந்தனான்."

நான் டோரீனுக்குப் போன் எடுத்தேன். கறுவலுக்கு ஊசி போட்ட அந்தக் கிழமை முழுக்க அவவிடம் இரண்டு கூடு காலியாக இருந்திருக்கிறது. உறுமுகிற நாய்களோடு வாழ்ந்தவ அவ. யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே காப்பகத்துக்குப் போனேன். படத்தைக் கழற்றித் தரச் சொன்னேன். மனேஜர் பதறிவிட்டார். அது நாங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை என்றார்.

"இதைப் பார்த்துத்தான் ஆட்கள் நம்பி நாயை விடுகிறார்கள். நீங்கள் கொல்லுவதற்கு என் மனுசியின் முகம் எதற்கு?" என்று கேட்டேன். என் ஆங்கிலம் உமக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு பிழையும் வரவில்லை. அவர் பதில் சொல்வதற்குள் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி நானே கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் விடவில்லை. காப்பகத்துக்குப் பணம் கொடுப்பது கவுன்சில்தானே. டோரீனும் சிவராசாவும் நானும் கவுன்சில் கூட்டத்துக்குப் போனோம். சிவராசா எழுந்து, தன் நாயை எடுக்க ஒரு ஆள் இருந்தார், அவரை ஒருவரும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தார்.

இப்போது கவுன்சில் காப்பகத்துக்கு நிபந்தனை போட்டிருக்கிறது. சின்ன அமைப்புகள் எல்லாவற்றையும் கேட்காமல், இடமில்லை என்று ஒரு மிருகத்துக்கும் ஊசி போடக்கூடாது. டோரீனின் போன் திரும்ப அடிக்கிறது. போன கிழமை முடிந்துபோயிருக்க வேண்டிய ஒரு நாய் இப்போது அவவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. மனேஜர் இதைத் தன் புதுத் திட்டம் என்று எல்லா இடமும் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும்.

எனக்கு ஆறவில்லை, ரஞ்சி. இதைச் செய்யலாம் என்று நீர் வருடக்கணக்காகச் செய்து காட்டினீரே, அதை அவர்கள் என்னவென்று நினைத்தார்கள்? ஒரு மனுசியின் பிடிவாதம் என்றா? அந்தப் பிடிவாதம் செத்ததும் நிம்மதியாக இருந்ததா அவர்களுக்கு? ஒரு போன். அதை எடுக்கச் சோம்பிப் பஞ்சிப்பட்டுத்தானே கறுவலைக் கொன்றார்கள்?

சிவராசாவுக்கு வேறு நாய் தருகிறேன் என்றா டோரீன். "இப்ப ஏலாது" என்றுவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வானில் வருகிறார். பின்னால் நாயோடு இருந்துகொள்வார்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் வண்டி ஓடக்கூடிய மட்டும் ஒவ்வொரு கிழமையும் அந்தக் காப்பகத்துக்குப் போவேன். வாசலில் நிற்காமல் உள்ளே போய்க் கூடு கூடாகப் பார்ப்பேன். போன கிழமை இருந்த ஒன்று இந்தக் கிழமை இல்லையென்றால், அது எங்கே என்று கேட்பேன். அவர்கள் அதைக் கண்ணால் காட்டும்வரை அங்கேயே நிற்பேன். என்னைக் கண்டால் அவர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

இப்போதும் உம்முடைய மனுசன்,
தேவன்