தையல்சிட்டும் சாமியாரும்

ஜூன் 26, வியாழன்

வெயில் குறையவில்லை. ஆனி மாதம் என்று பேர்தான். செங்கம் ரோட்டில் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

நான் சமைக்கும் கெஸ்ட் ஹவுஸில் ஆள் கம்மி. காலை பொங்கல். மதியம் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் காரமில்லாத சாம்பார். எத்தனை தடவை வைத்தாலும் மிளகாய் டப்பாவுக்குக் கை தானாகப் போகிறது.

துணி காயப் போடப் பின்பக்கம் போனேன். பாதாம் கன்றில் ஒரே ஒரு இலை சுருண்டு தொங்கியது. பூச்சி விழுந்த இலை என்று கிள்ளப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்திருந்தது. நிஜமாகவே தையல். ஓட்டை போட்டு, பஞ்சைத் திரித்து உள்ளே நுழைத்து, அவிழாமல் இருக்க வெளிப்பக்கம் சின்ன உருண்டை. உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையில் முட்டைகள், சுண்டுவிரல் நக அளவு.

தையல்சிட்டு. கொடிக்கயிற்றில் வாலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டியது. அத்தனை சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம்!

நானும் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள்தான். எனக்கு மெஷின் இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது. அதற்கு மூக்கு மட்டும்.

சாதம் குழைந்துவிட்டது. முதலாளி சாந்தி அக்காவிடம் வாய் அடங்காமல் கூட்டைப் பற்றிச் சொன்னேன். "எங்க, எங்க, காட்டு" என்று ஓடி வந்தார்.

சந்தோஷமாக இருந்தது. அதுவே எரிச்சலாகவும். இலையைப் பார், எறும்பைப் பார் என்பதெல்லாம் என் கணவரின் பிழைப்பு. மூன்று வருஷமாகக் காவி கட்டிக்கொண்டு அடி அண்ணாமலையில் ஒரு பக்தர் கொடுத்த அறையில் இருக்கிறார். ஹார்டுவேர் கடை வைத்திருந்த காலத்தில் எங்கள் வாசல் வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தவர் இல்லை. குப்பை கொட்டுகிறது, வெட்டு என்பார். இப்போது அவர் விரல் நீட்டும் இடமெல்லாம் கடவுள்.

ஜூன் 28, சனி

மகள் நித்யாவின் நிச்சயதார்த்தம் அடுத்த ஞாயிறு. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரம். போளூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில்: "பொண்ணோட அப்பா சபையில இருந்தாதாங்க நல்லாருக்கும்."

வாங்க: வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், சேஃப்டி பின், எனக்கு ஒரு செருப்பு.

மதியம் ஆட்டோ பிடித்து அவரிடம் போனேன். புளியமரத்தடியில் ஒரு கூட்டம். சென்னைப் பெண்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள். மணலில் குழியானைப் பூச்சியின் குழிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க. அமைதியா உக்காந்திருக்கு. அதுக்கு எதுவும் வேணாம்."

எறும்பு வேண்டும் அதற்கு. எறும்பு சரிந்து விழத்தான் குழி தோண்டி அடியில் காத்திருக்கிறது. யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அந்தக் குழி... அளவெடுத்து வைத்தது போலச் சரிவு, ஒரு மணல் துகள்கூட உருளாமல். அவர் காட்டியது என்பதற்காகவே அதைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு சொன்னேன். "நித்யாவுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். ஒரு நாள், ஒரு மணி நேரம் வந்து உக்காந்தா போதும்."

"எனக்கு ஏதும்மா மகள்? அதெல்லாம் போன ஜென்மம் மாதிரி."

அம்மா! வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் கிழவியையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நான்.

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தேன்.

ஜூன் 30, திங்கள்

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அவர் குரல்.

சாந்தி அக்கா விருந்தினர்களிடம் கூட்டைப் பற்றிச் சொல்லி, அவர்களில் யாரோ அவரிடம் சொல்லி, கூட்டத்தோடு வந்துவிட்டார். ஓடினேன். இலையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்திருந்தார். ஒரு பெண் உள்ளே போனை நுழைத்து வீடியோ எடுத்தாள். தையல் ஒன்று அறுந்தது. சிட்டு மதில் மேல் கத்திக்கொண்டே இருந்தது.

"விடுங்க. தாய் வராது அப்புறம்" என்றேன்.

அவர் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு பயம். பயம்தான் பற்று." ஒருத்தர் அதை எழுதிக்கொண்டார்.

மாலை வரை பார்த்தேன். சிட்டு கூட்டுக்கு வரவில்லை.

சாந்தி அக்கா: "இதுக்குப் போய் அழுவாங்களா? வெங்காயம்னு சொல்லு, நம்பறேன்."

ஜூலை 2, புதன்

காலையில் கூட்டில் எறும்பு வரிசை. இலையைக் கிள்ளிப் போட மனசு வரவில்லை.

நித்யா வேலூரிலிருந்து போன். அப்பா வரமாட்டார் என்றேன். "நீ ஏம்மா போய் கேட்ட? அவரு சாமியாரா போயிட்டாருன்னு நானே அவங்க வீட்ல சொல்லிட்டேன். ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. சந்தோஷம்தான் பட்டாங்க."

நிஜம்தான். சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார். நேராக அவரிடமே போய் அழைத்துவிட்டார்களாம். பழத்தட்டோடு. "வரேன்னு சொல்லிட்டாருங்க! நீங்க குடுத்து வெச்சவங்க."

நான் கேட்டால் போன ஜென்மம். பழத்தட்டு போனால் இந்த ஜென்மம்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று ராத்திரி நல்ல மழை. வருஷத்தின் முதல் பெருமழை. வாசலில் போட்ட பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து, விடியலில் என் அண்ணன் கட்டி நிமிர்த்தினார்.

அவர் காரில் வந்தார், இரண்டு சீடர்களோடு. சபையே எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். நாற்காலியில் துண்டு விரித்து உட்கார வைத்தார்கள். தட்டு மாற்றியது அண்ணன். ஆசீர்வாதம் அவர். விதைக்குள் மரம் இருப்பதைப் பற்றிப் பேசினார். என் வீட்டு வேப்பமரத்தைக் கை காட்டியே பேசினார்.

மாப்பிள்ளையின் அம்மா என் காதருகில்: "பொண்ணு எவ்ளோ அடக்கம்! அவரு வளர்ப்புங்க, பார்த்தாலே தெரியுது."

நித்யா அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். சிரித்தாள். சின்ன வயசுச் சிரிப்பு. அதற்கு என்ன சொல்ல? அவளுக்கு அப்பா வேண்டியிருக்கிறது. எப்படிப்பட்டவராக இருந்தாலும்.

கழுவ அண்டாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

ஈர மண்ணில் சிவப்பாக ஏதோ. குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். குங்குமம் நகர்ந்தது. பட்டுப்பூச்சிகள், தம்பலப்பூச்சி என்பார்களே, அவை. மழைக்கு மண்ணைத் துளைத்து மேலே வந்திருக்கின்றன. குனிந்து உட்கார்ந்தேன். வெல்வெட் துணியில் பொத்தான் அளவு வெட்டிக் கால் வைத்த மாதிரி. அப்படி ஒரு சிவப்பை நேற்றுப் புடவை எடுத்த ஜவுளிக் கடையில்கூடப் பார்க்கவில்லை. ஒன்றைத் தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு, சும்மா இருந்து, மறுபடி நடந்தது. எத்தனை மாசம் இருட்டில் கிடந்ததோ! மேலே மழை பெய்தது என்று யார் போய்ச் சொன்னார்கள்?

பின்னால் காலடி. அவர்.

"என்ன பார்க்கற?" 'அம்மா' இல்லை. பழைய குரல்.

எழுந்து, பூச்சிகளை மறைத்து, புடவைத் தலைப்பை விரித்த மாதிரி நின்றேன். "எச்சில் இலை கிடக்குது. வழுக்கும். இந்தப் பக்கம் வராதீங்க."

ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. உள்ளே யாரோ "சாமி" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

மறுபடி உட்கார்ந்தேன். ஒன்று என் பெருவிரல் மேல் ஏறி, நகத்தில் வழுக்கி, திரும்பவும் ஏறியது. உள்ளே காபி எங்கே என்று கேட்டார்கள். கேட்கட்டும்.