மாமா கொண்டுவரும் தேன்குப்பி

கணவனை எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கும். ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் ஷைனி காலண்டர் தாளைக் கிழித்து எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்:

"தோசைமாவு உள்ள இருக்கு. பத்து மணிக்கு ஒங்க அப்பா, தேன்பெட்டி தொறந்து எடுத்த புதுத்தேனோட வாராவ. ஏழு மாசப் பிள்ளை ஜெபினுக்க நாக்குல ஒரு சொட்டு வைக்கப்பிடாது. ஒரு வயசு ஆகாத குடலு தாங்காது, கைகால் தளந்து மூச்சு முட்டும்னு எத்தன தடவ சொல்லியாச்சு! 'நானும் தேன் நக்கித்தான் வளந்தேன்'னு தொடங்காதீங்க. ஹெல்மெட் இல்லாம பைக் ஓட்டியும்தான் உசிரோட இருக்கீங்க. அப்பாகிட்ட சொல்ல வாய் வரலேன்னா எம்மேல பழியப் போடுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"ராத்திரி முழுக்க இருமினீங்க. அந்தத் தேன்ல ஒரு ஸ்பூன் நீங்க குடியுங்க. இருமலுக்கு நல்லது."

வளைவில் பேருந்து ஹாரன் கேட்டது. தாளின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடமிருந்தது.

"தேன் எத்தன வருசமானாலும் கெடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுகது மாமாதானே? ஜெபினுக்க முதல் பிறந்தநாளைக்கு அவியளே தொட்டு வைக்கட்டு."