படிக்காமல் ஓகே அடிப்பவருக்கு ஒரு பெட்டி

வியாழன், இரவு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையில், கணினியில் எந்த எச்சரிக்கை வந்தாலும் முதலாளி படிக்காமல் ஓகே அடித்துவிடுவார். போன வாரம் தீபாவளி ஆர்டர்கள் அப்படித்தான் அழிந்தன. திட்டு எனக்கு. இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

இன்று நோட்பேடில் இரண்டு வரி நிரல் எழுதி, கடை சாத்தும் நேரத்தில் திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி எழும்படி வைத்தேன்: "ஆர்டர்களை நகல் எடுத்தீர்களா?" தமிழில் இருந்தால் படிப்பார் என்ற நம்பிக்கை. சேமித்த விதம் தவறு. தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன.

முதலாளியின் கை அப்படியே நின்றது.

"கவிதா, இங்க வாம்மா. இது என்னமோ கேக்குது. நான் ஒன்னும் தொடல லா."

போய் நகல் எடுத்தேன்.

அந்தக் கேள்விக்குறிகளைத் திருத்த ஒரு நிமிடம் போதும். திருத்தப் போவதில்லை.