சாங்ஷன் என்று ஒரு சீட்டு

ஆவுடையார்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள புவனா அக்காவுக்கு,

பிரகதா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. திருச்சி ஹாஸ்டலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் "ம்" என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறேன்? அதுவும் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பேங்க் பரீட்சை முக்கால் மார்க்கில் போய்விட்டது என்று பெரியம்மாவிடம் நீ போனில் அழுதபோது நானும் பக்கத்தில் நின்றேன். 'சாங்ஷன்' என்ற வார்த்தைக்கு அனுமதி என்று போட்டாயாம். அவர்கள் கேட்டது தடை என்ற அர்த்தமாம். அந்த ஒன்று சரியாக இருந்தால் தேறியிருப்பேன் என்றாய்.

அக்கா, அந்தத் தப்பு என்னுடையது.

உன் புத்தகத்தைப் பார்த்து, நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் வீணான கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, முன்பக்கம் வார்த்தையும் பின்பக்கம் அர்த்தமுமாக உனக்குப் படிக்கச் சீட்டு எழுதித் தந்தேன் அல்லவா? சாங்ஷனுக்குப் புத்தகத்தில் தடை என்றுதான் இருந்தது. நம் தெருவில் அரசாங்கத் தொகுப்பு வீடு சாங்ஷன் ஆனது, மூக்காயி அத்தைக்கு லோன் சாங்ஷன் ஆனது. தடையாக எப்படி இருக்கும்? பிரஸ்ஸில் தினமும் மாப்பிள்ளை பேரையே தப்பாக அடிக்கிறார்கள், இதுவும் அச்சுப் பிழைதான் என்று நினைத்து அனுமதி என்று எழுதிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். ஒன்பதாவதோடு நின்றவள் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடித்தாளாக்கும் என்று சிரிப்பாயோ என்று பயந்தேன். நேற்று பிரஸ் அண்ணனுடைய அகராதியில் பார்த்தேன். இரண்டு அர்த்தமும் இருக்கிறது.

உன்னைப் பெண் கேட்ட குடுமியான்மலை மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியப்பா புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும். உன்னிடம் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஒரு தடவை எழுதியாயிற்று, இனிமேல் என்ன படிப்பு என்கிறார்.

என் படிப்பை நிறுத்தியபோது யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதனால் இன்று காலை கடலைக்கொல்லைக்குப் போனேன். பெரியப்பா கடலைச் செடி உதறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது, அக்காவுக்கு இன்னும் ஒரு தடவை சாங்ஷன் பண்ணுங்கள் என்றேன். அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. "ஊமைக்கோட்டான் என்று நினைத்தேன், நீ பேசுவியாடி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, செடியைக் கையில் வைத்துக்கொண்டே, பார்ப்போம் என்றார்.

நீ திருச்சிக்குப் போகக் கேட்டபோதும் பார்ப்போம் என்றுதான் சொன்னார், அனுப்பி வைத்தார். நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகக் கேட்டபோது என் அப்பாவும் பார்ப்போம் என்றுதான் சொன்னார். மூன்று வருஷமாயிற்று. பெரியப்பா சொன்னது இதில் எது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

புதிதாக எழுதிய சீட்டை இதோடு வைத்து, நாளைக்குத் திருச்சி போகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பின்பக்கம் இரண்டு அர்த்தமும் இருக்கிறது. என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. புதன்கிழமைக்கு முன்னால் நீயே பெரியப்பாவிடம் பேசு. என்ன பதில் வந்தாலும் சீட்டுகளைக் கீழே வைத்துவிடாதே. பிரகதாம்பாள் உனக்குத் துணையிருக்கட்டும். என்னைச் சொல்லவில்லை, எனக்குப் பேர் கொடுத்த அம்மனைச் சொன்னேன்.

உன் தங்கை,
பிரகதா.