பதினாலாயிரம் கிலோமீட்டர் வலீ

எத்தாளை, கற்பிட்டி

அன்பு மகன் அக்ரமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி ஃபஸ்னாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்கவில்லை. பனிக்குள் நின்று நீ அனுப்பும் படங்களில் கன்னம் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஃபஸ்னாவின் நிக்காஹ் மூன்று முறை தள்ளிப்போனது உனக்கு நினைவிருக்கும், தள்ளியது நீதானே. வாப்பா மௌத்தான பிறகு அவளுக்கு வலீ நீ. நீ செய்து கொடுக்காமல் நிக்காஹ் இல்லை. வேறொருவரைப் பொறுப்பாக்கு என்றேன். அது மரியாதையில்லை, நானே வருவேன், டொரொண்டோவிலிருந்து கொழும்பு ஒரு நாள் பயணம்தான் என்றாய். கல்யாண மாதம் நெருங்கியதும் அதே தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். கட்டாரில் இறங்கி ஏற வேண்டும், லீவு இல்லை, பனி. நம் ஊர் பஸ் நுரைச்சோலையில் வெங்காய மூட்டை ஏற்ற நின்றாலும் புத்தளத்துக்குப் போய்விடுகிறது மகன். உன் விமானம் மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. மாப்பிள்ளை மர்ஸூக்கின் ஆட்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தோணியில் கற்பிட்டிக்கு வந்தவர்கள். ‘அகதிக்கா என்ட தங்கச்சியக் குடுக்கிற’ என்று உன் மாமா ஹயாத்து முகம்மதுவிடம் கேட்டாயாம். அவரே சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். கனடாவில் உனக்கு இருக்க இடம் கிடைத்தது என்ன சொல்லி என்பதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. மர்ஸூக் உப்பளத்து வேலை முடிந்து வரும்போது கேட்டடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ‘அக்ரம் நானா கோல் எடுத்தாரா மாமி’ என்று கேட்டுவிட்டுப் போவான். போன கிழமை கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போனான். ஃபஸ்னா அன்று சோறு தின்னவில்லை.

மறுநாள் புத்தளத்தில், நம் கல்யாண வழக்குகள் தீர்க்கும் காதியாரைக் கண்டேன். வலீ இரண்டு மர்ஹலாவுக்கு அப்பால் இருந்தால் காதியாரே நிக்காஹ் செய்து வைக்கலாமாம். அது எவ்வளவு என்று கேட்டேன். ‘அந்தக் காலத்துல ஒட்டகத்துல ரெண்டு நாள் போற தூரம். இஞ்ச இருந்து கொழும்பு மட்டும் எண்டு வெச்சுக் கொள்ளுங்க. மகன் எங்க இருக்கார்?’ என்றார். வர முடியாதென்று காட்ட, உலகப் படத்தில் சிவப்புக் கோடு இழுத்து அனுப்பினாயே, அதைப் போனில் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ‘இது தாராளம் உம்மா’ என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நிக்காஹ். வந்தால் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் உனக்கும் இடமுண்டு, விருந்தாளியாக. வராவிட்டால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் என்கிறாய், சுபஹ் தொழுகையை விடாதே. வெள்ளி காலையில் மறக்காமல் ஃபஸ்னாவுக்குக் கோல் எடு. அவள் உன்னை இதுவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும், கொஞ்சம் வெட்கமும் தருவானாக.

துஆவுடன்,
உம்மா கைருன்னிஸா