கீழே வைக்காத பேனை

இன்று காலை நீ படிப்பித்த எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை பேச எழும்பியதும், மற்ற எல்லோரும் பேனைகளை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. நீ போய் இரண்டு மாதமாகியும் உன் பழக்கம் போகவில்லையடி.

எத்தனை தரம் உன்னைப் பகிடி பண்ணியிருப்பேன்! பேனையைக் கீழே வை, மனதுக்குள் மூன்று எண்ணு, மற்றவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல், பிறகுதான் உன் பதில் என்று பிள்ளைகளுக்குப் பழக்கினாய். "இப்பிடிப் போனால் பாடம் எப்ப முடியும்?" என்பேன். "பதிலை யோசிச்சுக்கொண்டு கேட்டால் ஒண்டும் காதில ஏறாது" என்பாய். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் என் வகுப்பு யன்னலுக்கு ஓடும். உன் வகுப்பு அசையாது. எனக்குப் பொறாமைதான்.

இன்று உன் பயிற்சியையே கொடுத்தேன்: நீங்கள் கேட்ட ஒரு பேச்சை மாற்றாமல் சொல்லுங்கள். எழும்பியவள், நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் அந்த மெலிந்த பிள்ளை.

"கடைசி நாள் நான் ரீச்சர்மாரின்ர அறைக்குக் கொப்பி வைக்க வந்தனான், ரீச்சர். எங்கட ரீச்சர் உங்களிட்டச் சொன்னவ, 'எனக்கு நெஞ்சு இறுகுது, ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு என்னோட வாறியா?' நீங்கள் சொன்னீங்கள், 'ஓம் ஓம், இந்தக் கொப்பிக் கட்டைத் திருத்தி முடிச்சிட்டு.'"

அவள் குற்றம் சொல்லவில்லை, பயிற்சியைத்தான் செய்தாள். அந்த 'ஓம் ஓம்' என்னுடையதேதான். நீ என் கதிரையருகே நின்றது ஞாபகம் இருக்கிறது, என் கையில் சிவப்புப் பேனை இருந்ததும். நீ சொன்ன ஒரு சொல்கூட ஞாபகத்தில் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் நான் அதைத் திருப்பிச் சொல்லக் காத்திருந்தார்கள். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

செத்தவீட்டில் உன் அம்மாவின் கையைப் பிடித்து, "அவள் நெஞ்சு நோவெண்டு ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை அம்மா" என்றேனே, அதை நம்பித்தான் சொன்னேன். தன்னிடம்கூட மறைத்துவிட்டாளே என்று அந்த மனுசி அன்றிலிருந்து அழுகிறார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவரிடம் போனேன். உன் சொற்களை அப்படியே சொன்னேன். மூன்று எண்ணினேன். பிறகு என் சொற்களையும் சொன்னேன்.

"அப்ப என்ர பிள்ளை மறைக்கேல்லை" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது என் மகள் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். பேனையைக் கீழே வைத்தேன். உனக்கு வைக்கவில்லையேயடி.