அந்தக் கட்டில் எங்கள் வீட்டுக் கட்டில்

இன்று காலை மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு வரும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஓர் இலை லாரி போய்க்கொண்டிருந்தது. மூட்டைக்குள்ளேயே சூடேறிப்போன பச்சைத் தேயிலைக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. ஜன்னல் வழியாக அது முகத்தில் அடித்ததும் உன் நினைவு வந்தது. செத்துப்போன தோழியை நினைத்தால் கண் கலங்க வேண்டுமாம். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. இதை நீ படிக்கப் போவதில்லையே என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

நாம் கல்லூரி முடித்த சமயம் தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். குந்தாப் பக்கம் எங்களுக்கு இருந்த அரை ஏக்கரும் தேயிலைதான். உங்களுக்குச் சோலூரில் கேரட், உருளைக்கிழங்கு. அந்தக் கஷ்டம் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. இருந்தாலும் ஊட்டியில் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, ஒரு வலைப்பூ தொடங்கினோம். "விமர்சனமெல்லாம் வேண்டாம் புள்ள. படிச்சா மனசுல என்ன படுதோ அதை எழுதுவோம்" என்றாய். சொன்னவள் நீ.

நான் முதலில் எழுதியது ஒரு நாவலைப் பற்றி. வெள்ளத்தில் நனைந்த நெல்லை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு கிழவி அதில் வருவாள். அவளைப் படிக்கப் படிக்க எனக்கு என் அம்மாதான் தெரிந்தாள். ஒருநாள் இலை லாரி வரவில்லை. ஃபாக்டரியில் இலை எடுக்கவில்லை என்றார்கள். சாக்கிலேயே விட்டால் இலை சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் எவனும் வாங்க மாட்டான். வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அப்பா குளிர்ஜுரத்தில் அதில் படுத்திருந்தார். அவரை எழுப்பிக் கீழே சாக்கில் படுக்கவைத்துவிட்டு, அம்மா கட்டில் முழுக்க இலையைப் பரப்பினாள். "மனுசன் கீழ படுத்தா ஒண்ணும் ஆயிராது. இலை சூடேறுனா பொழப்பே போச்சு" என்றாள். மறுநாளும் லாரி வரவில்லை.

இதையெல்லாம் எழுதியிருந்தேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "ஏம்புள்ள, புக்கைப் பத்தி எழுதச் சொன்னா உங்கூட்டுக் கட்டிலைப் பத்தி எழுதியிருக்கறே? படிக்கறவங்களுக்கு அது எதுக்கு?" என்று கட்டில், இலை, அம்மா எல்லாவற்றையும் நீயே அழித்தாய். மிஞ்சியது கதைச்சுருக்கம். ஒருத்தர்கூட அதைச் சீண்டவில்லை. உனக்குத்தான் தெரியும் என்று நானும் மண்டையை ஆட்டினேன்.

கல்யாணமாகி நான் திருப்பூர் போன பிறகு, வலைப்பூவின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாய். கொஞ்ச நாளில் உன் பெயரில் ஒரு பதிவு வந்தது. அதே நாவல். அதே கட்டில். அம்மா சொன்ன அதே வார்த்தை. 'என் அம்மா' என்று எழுதியிருந்தாய்! அந்த அம்மா இலையைக் குழந்தைபோலத் தடவிக்கொடுத்துப் புன்னகைத்தாள். கண்ணீர் வந்துவிட்டது தோழி, கண்ணீர் வந்துவிட்டது தோழி என்று கீழே வரிசையாகப் பின்னூட்டம்.

போன் போட்டேன். "அட விடு புள்ள. உனக்கு எழுத வரல, எனக்கு வந்துச்சு. யாரு அம்மாவா இருந்தா என்ன, அம்மா அம்மாதானே?" என்றாய். நேரில் வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டு இருந்தேன். அதற்குள் நீ படுக்கையில் விழுந்தாய். சீக்காளியிடம் சண்டைக்குப் போக முடியுமா? செத்துத் தப்பித்துக்கொண்டாய்.

போன ஞாயிறு குன்னூரில் உனக்கு நினைவுக்கூட்டம். "நம்மூட்ல சோறு தின்ன புள்ள" என்று அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். உன் எழுத்திலேயே சிறந்தது என்று சொல்லி அந்தப் பதிவை மைக்கில் வாசித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கண்ணு, அவங்கூட்லயும் இப்படித்தானா? பாவம், ஒரு வார்த்தை சொன்னதில்லயே அந்தப் புள்ள" என்றாள். கூட்டம் முடிந்ததும் நான் தடுப்பதற்குள் நேராக முன்வரிசைக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டாள்: "ஏனுங்க, நீங்களும் கட்டில்ல இலையப் போட்டுட்டுக் கீழ படுத்தீங்களாக்கும்?"

"எங்களுக்கு ஏதுங்க தேயிலை? கேரட்டுக் காடுதானுங்களே" என்றார் உன் அம்மா. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூசாமல் சொல்கிறேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. விழித்துக்கொண்டு நின்ற உன் அம்மாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. உனக்காக அதில் ஒரு துளியும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவளை ஏசாதே என்பாள் என்று நினைத்தேன். அவளோ, "நான் ஃபாக்டரி கேட்டுக்கு முன்னால இலையக் கொட்டுனத எழுதுனாளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீ சிரிச்சேன்னு எழுதியிருக்கா."

"சிரிச்சனா! உங்கப்பன் ஜுரத்துல நடுங்கிட்டுக் கெடக்கறான், நான் சிரிச்சனாக்கும்? மூட்டையத் தலையில தூக்கிட்டுப் போயி, மேனேஜர் ஜீப்பு வெளிய வர முடியாம அத்தனையும் கேட்டுல கொட்டி, காறித் துப்பிட்டு வந்தேன். அதை எழுது நீ."

அதையும் அன்றைக்கே எழுதியிருந்தேனே! நீதானே அழித்தாய்! எங்கள் கட்டிலை எடுத்தாய், இலையை எடுத்தாய், அம்மாவின் வார்த்தையை எடுத்தாய். அவள் கோபம் ஒன்றுதான் உனக்கு வேண்டாததாகப் போயிற்று. அதனால் அது மட்டும் அலுங்காமல் என்னிடம் இருக்கிறது.

"ரெண்டு நல்ல வார்த்தை எழுதிப் போடுங்க சிஸ்டர்" என்று உன் கணவர் வலைப்பூவின் புதிய கடவுச்சொல்லை அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர். படித்துவிட்டு இதை அழித்தாரானால் அழிக்கட்டும், மறுபடி ஏற்றுவேன். மூட்டையைத் தூக்கிப்போய்க் கொட்டியவள் பெயர் செல்லம்மா, என்னைப் பெற்றவள். உன் பெயரை இதில் ஓரிடத்திலும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான்.